திறந்தமூல மைனிங் போர்டில் புதிய தலைமுறை சிப்: மாற்றியமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பிட்காயின் மைனிங் சிப்புகளின் தலைமுறை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. பழைய சிப்பை வைத்து வரைந்த திறந்தமூல போர்டு தானாக மாறிக்கொள்ளாது. யாராவது உட்கார்ந்து மாற்றியாக வேண்டும். பிட்ஆக்ஸ் என்ற திறந்தமூல மைனிங் போர்டுத் திட்டத்தின் வரலாறே இந்த மாற்றங்களின் வரலாறுதான். பிட்மெயின் நிறுவனத்தின் மைனிங் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்17-இல் இருந்த பிஎம்1397 சிப்பை வைத்து மேக்ஸ் என்ற போர்டு வந்தது. எஸ்19 எக்ஸ்பியின் பிஎம்1366-ஐ வைத்து அல்ட்ரா, எஸ்21-இன் பிஎம்1368-ஐ வைத்து சூப்ரா, எஸ்21 புரோவின் பிஎம்1370-ஐ வைத்து காமா என்று வரிசையாக வந்தன. நான்கிலும் மூளை ஒன்றுதான்: இஎஸ்பி32-எஸ்3 மைக்ரோகன்ட்ரோலர். அதில் ஓடும் இஎஸ்பி-மைனர் ஃபர்ம்வேரும் (போர்டை இயக்கும் உள்நிரல்) ஒன்றுதான்.

இந்த வழிகாட்டியில் 1366-க்கு வரையப்பட்ட ஒற்றைச் சிப் போர்டை 1370-க்கு மாற்றுவதை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். இதற்கடுத்து வரும் சிப்புக்கும் வேலையின் வரிசை இதுவேதான்.

வரிசை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய சிப்புக்கு மாறும்போது பேட் (சிப்பைச் சால்டர் செய்யும் தொடர்புப் பரப்பு) அமைப்பு, மின்னழுத்தங்கள், தொடர்பு நெறிமுறை, வெப்பம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு மின்சாரம் கொடுத்து, போர்டு ஊமையாக உட்கார்ந்திருந்தால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வாரக்கணக்காகும். ஆகவே முதல் போர்டிலிருந்து டெராஹாஷ் வேகத்தை, அதாவது பிளாக்கைத் தேடி வினாடிக்கு லட்சம் கோடி ஹாஷ் கணக்குகளை, எதிர்பார்க்காதீர்கள். சிப் தன் பெயரைச் சொன்னால் போதும். அந்த ஒரு பதில் வந்துவிட்டால் மற்றவை சரிசெய்யக்கூடிய கணக்குகள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருமானத்துக்காக இதில் இறங்குவதாக இருந்தால் வேண்டாம். உலக வலையமைப்பின் மொத்த வேகம் 800 எக்ஸாஹாஷ் (ஓர் எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ்) என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெராஹாஷ் போர்டின் பங்கு 80 கோடியில் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 52,560 பிளாக்குகள் என்ற கணக்கில், தனியாக ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 15,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதிர்ஷ்டம் நாளைக்கே அடிக்கலாம். அது வேறு கதை. இந்த வேலையில் உறுதியாகக் கிடைப்பது கல்விதான்.

முதல் படி: சிப்பைப் பற்றித் திரட்டுதல்

இந்தச் சிப்புகளுக்குத் தயாரிப்பாளரான பிட்மெயின் விரிவான தொழில்நுட்ப ஏடு எதையும் பொதுவெளியில் தருவதில்லை. நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஆன்ட்மைனரின் கன்ட்ரோல் போர்டுக்கும் சிப்புகள் அமர்ந்த ஹாஷ் போர்டுக்கும் இடையே லாஜிக் அனலைசரை (டிஜிட்டல் சமிக்ஞைகளைப் பதிவு செய்யும் கருவி) மாட்டி ஒட்டுக்கேட்டுத் திரட்டியவை. பழுதுபார்ப்போர் கையேடுகளிலிருந்து பின் பெயர்களும் அளவுப்புள்ளிகளின் மின்னழுத்தங்களும் கிடைக்கும். ஏற்கெனவே வெளியான திறந்த போர்டுகளின் கிகேட் (சுற்றுப்பலகை வரையும் மென்பொருள்) கோப்புகள் மூன்றாவது மூலம், அதுவே மிகவும் நம்பகமானதும்கூட.

திரட்ட வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: சிப்பின் உறை அளவு, பேட்களின் இடைவெளி, மைய மின்னழுத்தம், உள்ளீடு-வெளியீட்டு மின்னழுத்தம், பிஎல்எல் (சிப்பின் உள் கடிகாரத்தை உருவாக்கும்) பகுதிக்கான மின்னழுத்தம், கடிகார அதிர்வெண், சிப் அடையாள எண், பதில் பொட்டலத்தின் நீளம், சிப்பின் உள்ளே ஹாஷ் கணக்கிடும் சிறு மையங்களின் எண்ணிக்கை. கடைசியாகச் சொன்னது எதற்கு என்று தோன்றலாம். வேகத்தை முன்கூட்டியே கணக்கிட அதுதான் வேண்டும். ஒவ்வொரு சிறு மையமும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஹாஷ் போடுகிறது என்ற கணக்கில், சிறு மையங்களை அதிர்வெண்ணால் பெருக்கினால் எதிர்பார்க்க வேண்டிய வேகம் கிடைத்துவிடும். 1397-இல் 672 சிறு மையங்கள். 425 மெகாஹெர்ட்ஸில் 286 ஜிகாஹாஷ். 1366-இல் 894; 485 மெகாஹெர்ட்ஸில் 434. 1368-இல் 1,276, 490 மெகாஹெர்ட்ஸில் 625. 1370-இல் 2,040, 525 மெகாஹெர்ட்ஸில் 1,071 ஜிகாஹாஷ். பின்னால் உங்கள் போர்டு இந்த எண்ணுக்குப் பாதி காட்டினால், சிப்பின் ஒரு பகுதி தேடாமல் சும்மா இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சிப் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பழுதான ஹாஷ் போர்டிலிருந்து எடுத்தவை, உதிரியாக விற்பவை என இருவகை உண்டு. பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துகள் தரவகையைக் குறிக்கும். ஒரே எண் கொண்ட இரண்டு சிப்புகள் ஒரே மின்னழுத்தத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று உத்தரவாதம் கிடையாது. மேற்பரப்பைச் சுரண்டிப் புதிய பெயர் அச்சிட்ட சிப்புகளும் சந்தையில் உலவுகின்றன. குறைந்தது ஐந்து வாங்குங்கள், ஒன்றை நம்பி இறங்காதீர்கள்.

இரண்டாம் படி: மின்சாரம்

என் கணிப்பில் மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. புதிய சிப் ஒரு ஹாஷுக்குக் குறைவான ஆற்றலைச் செலவிடுகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, பழைய ரெகுலேட்டரே (மின்னழுத்தத்தை மாற்றித் தரும் பகுதி) போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்19 எக்ஸ்பியில் ஒரு டெராஹாஷுக்கு 21.5 ஜூல், எஸ்21 புரோவில் 15 ஜூல் என்பது உண்மைதான். ஆனால் ஒரே சிப்பில் இருக்கும் மையங்கள் இருமடங்குக்கும் மேலாகிவிட்டன. ஆகவே ஒரு சிப் விழுங்கும் மொத்த மின்சாரம் கூடித்தான் இருக்கிறது.

கணக்கு எளியது. 1.15 வோல்ட்டில் 15 வாட் என்றால் 13 ஆம்பியர். அந்தப் பாதையில் ஒரே ஒரு மில்லிஓம் தடை கூடுதலாக இருந்தாலும் 13 மில்லிவோல்ட் விழும். நுண்சரிசெய்தலின்போது நாம் 10, 20 மில்லிவோல்ட் படிகளில் விளையாடுவோம் என்பதை நினைத்துப் பார்த்தால், 13 மில்லிவோல்ட் சிறிய எண் அல்ல.

அல்ட்ரா, சூப்ரா போர்டுகளில் டிபிஎஸ்40305 கன்ட்ரோலர் வெளி டிரான்சிஸ்டர்களை ஓட்டுகிறது. அதன் பின்னூட்ட முனையில் டிஎஸ்4432 என்ற சிறு சிப் மின்னோட்டத்தைச் செலுத்தியோ இழுத்தோ வெளியீட்டு மின்னழுத்தத்தை மாற்றுகிறது. அருமையான, மலிவான ஏற்பாடு. ஆனால் இதில் சரிசெய்யக்கூடிய எல்லை, பின்னூட்டத் தடைகளின் மதிப்பைப் பொறுத்தது. சிப் மாறி மைய மின்னழுத்தம் இறங்கும்போது அந்தத் தடைகளை மறுபடி கணக்கிடாமல் விட்டால், ஃபர்ம்வேர் 1.15 வோல்ட் கேட்கும், ரெகுலேட்டர் வேறொன்றைத் தரும். காமாவில் டிபிஎஸ்546டி24ஏ வந்தது. 40 ஆம்பியர் வரை தாங்கும், டிரான்சிஸ்டர்கள் உள்ளேயே இருக்கின்றன, பிஎம்பஸ் என்ற தொடர்புப் பாதை வழியாக மின்னழுத்தத்தை எண்ணாகவே எழுதலாம், மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் திரும்பப் படிக்கலாம். விலை கூடுதல். இருந்தாலும் புதிதாக வரைபவர்கள் இதையே எடுக்கலாம் என்பேன்; பழுது கண்டுபிடிப்பதில் மிச்சமாகும் நேரம் அந்த விலைக்கு ஈடாகும்.

எதைத் தேர்ந்தாலும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். இண்டக்டரின் செறிவு மின்னோட்டம், உச்ச மின்னோட்டத்துக்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும். சராசரிக்குச் சமமாக இருந்தால் போதாது. ரெகுலேட்டர் தன் வெளியீட்டை அளக்கும் கம்பிகள் இண்டக்டர் அருகே முடியாமல், சிப்பின் பேட் வரை தனிப் பாதையாக, இரட்டையாக ஓட வேண்டும். சிப்பைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளில் பெரியவை சற்றுத் தள்ளியும் சிறியவை சிப்பின் விளிம்பை ஒட்டியும் இருக்க வேண்டும். செராமிக் மின்தேக்கியின் மதிப்பு மின்னழுத்தம் ஏறும்போது குறையும் என்பதால், 5 வோல்ட் உள்ளீட்டுப் பக்கத்தில் உறையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

உள்ளீட்டுப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மைய மின்சாரம், ரெகுலேட்டரின் இழப்பு, விசிறி, இஎஸ்பி32 எல்லாம் சேர்ந்து 18 வாட் என்றால் 5 வோல்ட்டில் 3.6 ஆம்பியர். வழக்கமான 5.5க்கு 2.1 மில்லிமீட்டர் உருளைக் கனெக்டர்களில் பல, 5 ஆம்பியருக்குள் மட்டுமே தாங்குபவை. அதிர்வெண்ணை ஏற்றும் ஆசையில் முதலில் உருகுவது சிப் அல்ல, இந்தக் கனெக்டர்.

மையத்தைத் தவிர, சிப்புக்கு இரண்டு சிறு மின்னழுத்தங்கள் தேவை: உள்ளீடு-வெளியீட்டுக்கு ஒன்று, பிஎல்எல் பகுதிக்கு 0.8 வோல்ட் அளவில் ஒன்று. இவற்றுக்குத் தனித்தனி எல்டிஓ (சிறு நேரியல் ரெகுலேட்டர்) வையுங்கள். பிஎல்எல் ஊட்டத்தில் இரைச்சல் இருந்தால் கடிகாரம் நடுங்கும், கடிகாரம் நடுங்கினால் பிழை நான்ஸ்கள் (நான்ஸ் என்பது சிப் தேடி விடையாகத் தரும் எண்) கூடும். மைய மின்னழுத்தத்திலிருந்து இதைப் பங்கிட்டுக்கொள்ளும் குறுக்குவழி வேண்டாம்.

மூன்றாம் படி: சமிக்ஞைகள்

சிப்போடு பேசும் கம்பிகள் சொற்பம்: கட்டளை உள்ளே போகும் பாதை, பதில் வெளியே வரும் பாதை, ரீசெட், கடிகாரம். நெரிசலைக் காட்டும் கம்பி ஒன்றும் உண்டு; ஒற்றைச் சிப் போர்டில் அதற்கு வேலை குறைவு. கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ், தலைமுறை மாறியும் இது மாறவில்லை.

மாறியது மின்னழுத்த மட்டம். 1397 தலைமுறையில் 1.8 வோல்ட், அதன் பின் கீழே இறங்கி, எஸ்21 வரிசையில் 1.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. இஎஸ்பி32 பேசுவதோ 3.3 வோல்ட்டில். இடையில் இருந்து மின்னழுத்த மட்டத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் புதிய மட்டத்தில் வேலை செய்யுமா என்று அதன் ஏட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள், 1.8 வரை மட்டும் இறங்குபவை நிறைய உண்டு. 25 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரும் அப்படித்தான். 1.8 வோல்ட் ஆசிலேட்டரை நேரடியாக 1.2 வோல்ட் சிப்பில் கோத்துவிடக் கூடாது.

மின்சாரம் ஏறும் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. சிப்புக்கு ஊட்டம் வருமுன்பே இஎஸ்பி32 தன் தொடர் முனையை உயர்நிலையில் வைத்துவிட்டால், சிப்பின் பாதுகாப்பு டயோடுகள் வழியே மின்சாரம் பின்வாசலால் நுழையும். அரைகுறையாக விழித்த சிப் பிறகு ரீசெட்டுக்கும் கட்டுப்படாது. ஊட்டங்கள் நிலைபெறும் வரை ரீசெட்டைத் தரைநிலையில் பிடித்துவையுங்கள், லெவல் ஷிஃப்டரை முடக்கிவையுங்கள்.

பயன்படாத பின்களை விதிப்படி கட்டவும். முகவரி பின்கள், பயன்முறை பின், சோதனை பின் எல்லாம் எங்கே இழுக்கப்பட வேண்டும் என்பதை, ஓடுகின்ற ஒரு போர்டின் ஸ்கீமேட்டிக்கை (சுற்று வரைபடத்தை) பார்த்தே முடிவு செய்யுங்கள். மிதக்கவிட்ட சோதனை பின் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

வெப்ப டயோடு பின்கள் இரண்டையும் இஎம்சி2101 போன்ற உணரிக்குக் கொண்டுபோவது நல்லது. ஆனால் டயோடின் இயல்புக் காரணி சிப்புக்குச் சிப் வேறுபடும். உணரியில் அதற்கான பதிவேட்டை மாற்றாமல் விட்டால் உணரி நம்பும்படியான ஒரு பொய் எண்ணைக் காட்டும். அது அப்பட்டமான தவறாக இல்லாமல் பத்து டிகிரி தள்ளிக் காட்டும்போதுதான் ஆபத்து.

நான்காம் படி: போர்டு வரைவு

பழைய கிகேட் கோப்பின் நகலை எடுத்து, சிப்பின் ஃபுட்பிரிண்டை (போர்டில் அதற்கான பேட்களின் வரைவு) மட்டும் புதிதாக வரையுங்கள். கையில் இருக்கும் சிப்பை ஸ்கேனரில் உயர் தெளிவில் எடுத்து, வரைந்த ஃபுட்பிரிண்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, அதன்மேல் சிப்பை வைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தைப் பார்த்து வரையும்போது இடவலம் புரண்டுபோவது இந்தத் தொழிலின் பழைய சாபம். தாள் சோதனை அதை இலவசமாகக் காட்டிக்கொடுக்கும்.

மைய ஊட்டத்துக்கு அகலமான செப்புப் பரப்பும், சிப்பின் அடியிலிருக்கும் தரைப் பேட்டில் நெருக்கமான வயாக்களும் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் செப்புத் துளைகள்) வேண்டும். அந்த வயாக்கள் வெப்பத்தையும் கீழே இறக்குகின்றன. திறந்த வயாக்களாக விட்டால் சால்டர் உறிஞ்சப்பட்டு, சிப்பின் ஒரு பக்கம் காய்ந்துபோகும். நிரப்பி மூடிய வயா வாங்க முடியாவிட்டால் துளைகளைச் சிறிதாக்கவும். மற்றபடி பழைய வரைவு எங்கெங்கே சரியாக இருந்ததோ அங்கே கைவைக்காதீர்கள். வை-ஃபை ஆன்டெனாவின் அடியில் செப்பு இல்லாத இடத்தை, போர்டைச் சுருக்கும் ஆசையில் தின்றுவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: சிப் இல்லாமல் மின்சாரம்

சிப்பைத் தவிர எல்லாவற்றையும் சால்டர் செய்யுங்கள். மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய ஆய்வக மின்மூலத்தில் அரை ஆம்பியர் வரம்பு வைத்து 5 வோல்ட் கொடுங்கள். இஎஸ்பி32 எழுந்ததும் ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இருகம்பிப் பாதை) யார் யார் இருக்கிறார்கள் என்று தேடும் சிறு நிரலை ஓட்டுங்கள். பதினறும எண்ணில் சொன்னால், இஎம்சி2101 4சி முகவரியிலும், டிஎஸ்4432 48-இலும், மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ260 40-இலும், டிபிஎஸ்546 24-இலும் பதில் தர வேண்டும். உங்கள் போர்டில் எது உண்டோ அது வந்தால் போதும்.

பிறகு மைய மின்னழுத்தத்தைக் குறைந்த மதிப்பில் எழுதி, மல்டிமீட்டரால் சிப்பின் காலிப் பேட்டிலேயே அளவெடுங்கள். எழுதிய எண்ணும் அளந்த எண்ணும் ஒத்துப்போகும் வரை சிப்பைத் தொடாதீர்கள். முடிந்தால் மின்தடைச் சுமை ஒன்றை மாட்டி 10 ஆம்பியர் வரை இழுத்து, ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பாருங்கள். எல்டிஓக்கள், ஆசிலேட்டரின் 25 மெகாஹெர்ட்ஸ், ரீசெட் கம்பியின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஆறாம் படி: சிப்பைப் பொருத்துதல்

பழைய ஹாஷ் போர்டிலிருந்து எடுத்த சிப்பாக இருந்தால் ஈரத்தை வெளியேற்ற 125 டிகிரியில் ஒரு நாள் அளவுக்குச் சூடுபடுத்துங்கள். இல்லாவிட்டால் சால்டரிங் வெப்பத்தில் உள்ளே ஆவி விரிந்து உறை பிளக்கும். அடிப்பக்கப் பழைய சால்டரை உறிஞ்சுபட்டியால் சுத்தமாக எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய ஸ்டென்சிலால் புதிய பேஸ்ட் தடவுங்கள். பெரிய பேட்களில் பேஸ்ட் அதிகமானால் சிப் மிதந்து, ஓரப் பேட்கள் தொடாமல் போகும். பெரிய பேட்டின் ஸ்டென்சில் துளையைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதற்கு அதுவே காரணம்.

அடியிலிருந்து சூடேற்றும் தட்டில் போர்டை முன்சூடாக்கி, மேலிருந்து வெப்பக்காற்று கொடுங்கள். உருகியதும் இடுக்கியால் சிப்பின் ஓரத்தை மிக மெல்லத் தட்டினால், அது தானாகப் பழைய இடத்துக்கு ஆடித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் பேட்கள் எல்லாம் நனைந்துவிட்டன என்று பொருள். ஆறியபின் மையத்துக்கும் தரைக்கும் இடையே மின்தடை பார்த்தால் மிகக் குறைவாகவே காட்டும், மல்டிமீட்டர் ஒலிக்கக்கூடச் செய்யும். ஆயிரக்கணக்கான மையங்கள் பக்கவாட்டில் இணைந்திருக்கும் சிப்பில் இது இயல்பு. ஒலியை வைத்துக் குறுக்குச்சுற்று என்று முடிவுகட்டாமல், பொருத்துமுன் தனிச் சிப்பில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: சிப்பைப் பேச வைத்தல்

இப்போது ஃபர்ம்வேர். இஎஸ்பி-மைனரில் ஒவ்வொரு சிப்புக்கும் தனி இயக்கிக் கோப்பு உண்டு. மேலே ஒரு பொது அடுக்கு, போர்டின் சிப் பெயரைப் பார்த்து உரிய இயக்கியை அழைக்கிறது. மிக நெருங்கிய சிப்பின் இயக்கியை நகலெடுத்துப் பெயர் மாற்றித் தொடங்குங்கள். 1370-க்கு நெருங்கிய உறவு 1368தான், 1366 அல்ல.

தொடர்பு 115200 பாட் (வினாடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் தொடங்குகிறது. கட்டளைக்கு முன்னொட்டு, பதினறும எண்ணில், 55 ஏஏ. பதிலுக்கு அது தலைகீழாகி ஏஏ 55 ஆகும். அடையாளம் கேட்கும் கட்டளை முழுமையாக இப்படி இருக்கும்: 55 ஏஏ 52 05 00 00 0ஏ. கடைசி எண்ணில் இருப்பது ஐந்து பிட் சரிபார்ப்புத் தொகை. சிப் உயிரோடு இருந்தால் ஏஏ 55-ஐ அடுத்து 13 70 என்று வரும். சிப்பின் பெயரே எண்ணாக வருகிறது. லாஜிக் அனலைசர் திரையில் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துவிட்டால் போர்டு பாதி வென்றாயிற்று.

ஒன்றும் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள். முதலில் சிப்பின் கடிகாரப் பேட்டில் 25 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதா, அடுத்து ரீசெட் உண்மையிலேயே உயர்ந்திருக்கிறதா. பிறகு எல்டிஓ மின்னழுத்தங்கள். பிறகு கட்டளை, சிப்பின் பக்கத்தில் சரியான மட்டத்தில் வந்து சேர்கிறதா. லெவல் ஷிஃப்டருக்கு முன்னால் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியிருக்கலாம். இவை எல்லாம் சரி என்றால் மட்டுமே சால்டரிங்கைச் சந்தேகியுங்கள். பதில் வருகிறது, ஆனால் எண் வேறு என்றால், சிப் விற்றவரிடம் பேச வேண்டியிருக்கும்.

பெயர் சொன்னபின் தொடக்கப் பதிவேடுகளை எழுத வேண்டும். சிலவற்றின் பொருள் தெரியும்: 08 பிஎல்எல், 14 நான்ஸ் வடிகட்டி, 28 வேகமான தொடர்பு, ஏ4 வெர்ஷன் முகமூடி. வேறு சில எண்கள் மூல இயந்திரத்தின் உரையாடலிலிருந்து அப்படியே எடுத்தவை. அவற்றை அழகுபடுத்த முயலாமல் அதே வரிசையில், அதே இடைவெளியில் அனுப்புங்கள்.

எதைத் தேட வேண்டும் என்று சிப்புக்குச் சொல்லும் வேலைப் பொட்டலத்தில்தான் தலைமுறைகளின் உண்மையான பிளவு இருக்கிறது. 1397-க்கு நாம்தான் இடைநிலை ஹாஷ்களைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும், ஒரு வேலைக்கு நான்கு. 1366-இலிருந்து சிப் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. நாம் முந்தைய பிளாக் ஹாஷ், மெர்கிள் வேர் (பரிவர்த்தனைகளின் சுருக்க ஹாஷ்), நேரம், கடினத்தன்மை, வெர்ஷன் ஆகியவற்றை 82 பைட்டாகக் கொடுத்தால் போதும்; பதினாறு பிட் சரிபார்ப்புத் தொகை தனி. வெர்ஷனில் பிஐபி 320 என்ற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு ஒதுக்கிய 16 பிட்களைச் சிப் தானே உருட்டித் தேடுகிறது.

இதனால் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்கு காட்டும். 1,071 ஜிகாஹாஷ் வேகத்தில் 32 பிட் நான்ஸ் வெளி முழுவதும் 4 மில்லிவினாடியில் தீர்ந்துவிடும். வெர்ஷன் உருட்டல் இல்லாவிட்டால் வினாடிக்கு 250 வேலைகள் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 65,536 வெர்ஷன்களோடு அதே வெளி 260 வினாடிக்கு மேல் தாங்கும். நடைமுறையில் 1370 இயக்கி அரை வினாடிக்கு ஒரு வேலை அனுப்புகிறது. குளத்திலிருந்து (பலர் சேர்ந்து தேடும் மைனிங் பூல்) புதிய பிளாக் வந்ததும் பழைய வேலையில் காலம் கழிக்காமல் இருக்க அது போதும்.

பதில் பொட்டலமும் நீண்டிருக்கிறது: 1397-இல் 9 பைட், 1366-இலிருந்து 11. கூடுதல் இரண்டில் வருவது உருட்டிய வெர்ஷன். 9 பைட் என்று நினைத்துப் படித்தால் முதல் நான்ஸ் சரியாக வரும், இரண்டாவதிலிருந்து எல்லாம் இடம் பெயரும். அந்த வெர்ஷனை பைட் வரிசை திருப்பி, 13 பிட் இடப்புறம் நகர்த்தி, அனுப்பிய வெர்ஷனோடு சேர்க்க வேண்டும். இதில் தவறினால் சிப் சரியாகவே தேடும், நீங்கள் குளத்துக்கு அனுப்பும் விடை மட்டும் குப்பையாக இருக்கும்.

வேலை எண்ணிலும் கவனம் தேவை. 1366-இல் பதிலின் வேலை பைட்டில் மேல் ஐந்து பிட்கள் வேலை எண், கீழ் மூன்று சிறு மையத்தின் எண். 1368, 1370-இல் மேல் நான்கு பிட்களை ஓரிடம் வலப்புறம் நகர்த்தினால்தான் வேலை எண். கீழ் நான்கு சிறு மையத்துக்கு. பழைய இயக்கியை நகலெடுத்தவர்கள் அதிகம் சறுக்குவது இந்த ஒரே வரியில்தான். சில நான்ஸ்கள் ஏற்கப்பட்டு, பெரும்பாலானவை கடினத்தன்மை போதாதவை என்று தள்ளப்பட்டால், நேராக இங்கே வாருங்கள்.

எட்டாம் படி: அதிர்வெண்

பிஎல்எல் கணக்கு: 25-ஐப் பின்னூட்ட வகுப்பியால் பெருக்கி, குறிப்பு வகுப்பியாலும் இரண்டு பின்வகுப்பிகளாலும் வகுக்க வேண்டும். 525 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 25-ஐ 168-ஆல் பெருக்கி 4,200. அதை 2-ஆலும் 4-ஆலும் 1-ஆலும் வகுத்தால் 525. பின்வகுப்பிகளைப் பதிவேட்டில் எழுதும்போது ஒன்று கழித்து எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இலக்கு அதிர்வெண்ணுக்கு ஒரே தாவலில் போகக் கூடாது. மின்னோட்டம் திடீரென்று எகிறினால் மைய மின்னழுத்தம் துவண்டு சிப் மயங்கிவிடும். 56.25 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, 6.25 படிகளில், படிக்கு 100 மில்லிவினாடி இடைவெளியில் ஏற்றுவது இஎஸ்பி-மைனரின் வழக்கம். முதல் நாள் 300-இலேயே நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ரெகுலேட்டர், கனெக்டர், சிப் எல்லாவற்றின் வெப்பத்தையும் அளந்தபின் மேலே போங்கள்.

ஒன்பதாம் படி: அளவீடும் நுண்சரிசெய்தலும்

திரையில் தெரியும் ஹாஷ் வேகத்தைப் பார்த்து உணர்ச்சிவசப்படாதீர்கள். வடிகட்டியின் கடினத்தன்மை 256 என்றால், ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி ஹாஷுக்கு ஒரு நான்ஸ் வெளியே வரும். 1,071 ஜிகாஹாஷ் போர்டில் அது வினாடிக்கு ஒன்று. பத்து நிமிடத்தில் சேர்வது 580 அளவிலான நான்ஸ்கள். புள்ளியியல்படி பிழை 4 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 3,500, பிழை 1.7 சதவீதம். 10 மில்லிவோல்ட் மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் வேகம் கூடிவிட்டது என்று சொல்பவர், இரைச்சலைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். அளந்த வேகம் கணக்கிட்ட வேகத்துக்கு மிகவும் கீழே நின்றால், மின்னழுத்தம் போதவில்லை அல்லது நான்ஸ் பரப்பைத் தீர்மானிக்கும் 10-ஆம் பதிவேட்டில் வேறு சிப்பின் எண் தங்கிவிட்டது.

மின்சாரம் அதிர்வெண்ணோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். 525-இலிருந்து 600 மெகாஹெர்ட்ஸுக்குப் போக 1.15-ஐ 1.20 வோல்ட் ஆக்க வேண்டியிருந்தால், வேகம் 14 சதவீதம் கூடும், மின்சாரம் 24 சதவீதம் கூடும். அந்தப் பேரம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அதே அதிர்வெண்ணில் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பிழை நான்ஸ்கள் தலைகாட்டும் இடத்துக்கு 20 மில்லிவோல்ட் மேலே நிறுத்துவதே சரியான நுண்சரிசெய்தல்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, இந்தச் சிப்புகளில் சிலிக்கான் மேலே திறந்தே கிடக்கிறது. ஹீட்சிங்க் சாய்ந்து அழுத்தினால் மூலை உடையும்; திருகுகளைக் குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வெப்பப் பசை மெல்லிய படலமாக இருந்தால் போதும். இஎஸ்பி-மைனர் சிப் 75 டிகிரியைத் தாண்டினால் ஓட்டத்தைக் குறைக்கும், ரெகுலேட்டருக்கு 105. அவை காப்பு எல்லைகள், இலக்குகள் அல்ல. 60-ஐ ஒட்டி வைத்திருங்கள். விசிறிக் காற்று ரெகுலேட்டர் மீதும் படும்படி ஹீட்சிங்கின் துடுப்புகளைத் திருப்பிவைத்தால், கூடுதல் செலவில்லாமல் அதன் வெப்பமும் இறங்கும்.

பத்தாம் படி: வெளியிடுதல்

மாற்றிய போர்டுக்குத் தனி எண் கொடுங்கள். இஎஸ்பி-மைனர் போர்டு எண்ணை வைத்தே எந்த ரெகுலேட்டர், எந்த உணரி என்று முடிவு செய்கிறது. 601 காமாவின் எண், 401 சூப்ராவின் எண் என்று ஏற்கெனவே வழக்கில் உள்ளன. வேறு போர்டின் எண்ணைக் கடன் வாங்கினால், யாரோ ஒருவர் அதிகாரபூர்வ ஃபர்ம்வேரை ஏற்றும் நாளில் தவறான ரெகுலேட்டருக்குத் தவறான மின்னழுத்தக் கட்டளை போகும். சிப்பின் பெயர், அதிர்வெண், மின்னழுத்தம், போர்டு எண் நான்கும் அடங்கிய தொடக்க அமைப்புக் கோப்பைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஃபர்ம்வேரின் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. போர்டை விற்றாலோ கைமாற்றினாலோ அதில் ஓடும் நிரலின் மூலத்தையும் தர வேண்டும். வன்பொருள் கோப்புகளுக்கு நீங்கள் நகலெடுத்த பதிப்பில் என்ன உரிமம் இருக்கிறதோ அதைப் படித்து அப்படியே தொடருங்கள். ஸ்கீமேட்டிக், வரைவு, உதிரிபாகப் பட்டியல் ஆகியவற்றோடு, சிப் இல்லாத நிலையில் நீங்கள் எடுத்த மின்னழுத்த அளவுகளையும் ஓர் அட்டவணையாகச் சேர்த்து வெளியிடுங்கள். அடுத்த சிப்புக்கு இந்தப் போர்டை மாற்றப்போகிறவர் முதலில் தேடுவது அந்த அட்டவணையைத்தான்.